நான் ஐம்பத்தெட்டு போட்ட பெண்

1

சென்ற வெள்ளிக்கிழமையோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம் முடிந்தது. அலுவலகத்தில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் சர்க்கரைப் பாகில் 'மிஸஸ் வேலி' என்று எழுதியிருந்தது. என் பெயர் கோமளவல்லி. முதல் நாள் அதைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்ட என் மேலதிகாரி மிஸ்டர் டாட், முன்பாதியைத் தள்ளிவிட்டுப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். அவர்கள் வாயில் வல்லி என்பது வேலி ஆனது. அவர்கள் மொழியில் அதற்குப் பள்ளத்தாக்கு என்று அர்த்தமாம். நம் மொழியில் என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

பள்ளிக்கூட மனோதத்துவ நிபுணர் என்பது என் உத்தியோகம். ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன வேலை என்று பத்து வருடமாகக் கடிதத்தில் விளக்கி வருகிறேன். என் சித்தப்பா மட்டும் இன்னும் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் உத்தியோகம்' என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார். நடப்பது இதுதான். வகுப்பில் ஒரு குழந்தை சரியாகப் படிக்கவில்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அந்தக் குழந்தையை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, கடைசியில் ஓர் எண் போடுவேன். எண் நன்றாக இருந்தால் குழந்தை அதே பள்ளியில் இருக்கும். குறைந்தால், மந்தமான குழந்தைகளுக்கென்று இருக்கும் தனிப்பள்ளிக்கு வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். வேன் மிக அழகாக இருக்கும். அதில் ஏறிய குழந்தை இறங்கி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேக்கைத் தின்று முடித்ததும் மிஸ்டர் டாட் ஒரு படிவத்தை என் மேஜையில் வைத்தார். பல்ஜீத் என்ற ஒன்பது வயதுப் பஞ்சாபிப் பெண்ணைப் பற்றி நான் எழுதிய அறிக்கை அது. நான்கு பக்கம் எழுதியிருந்தேன். முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம், எண் போடுவதற்கு. அதைக் காலியாக விட்டிருந்தேன்.

"மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்றார்.

"மறக்கவில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். இந்த நாட்டில் கோபம் வந்தால் சிரிப்பார்கள். "திங்கட்கிழமைக்குள் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கேக்கில் 'வேலி'யின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கட்டத்தை நான் ஏன் நிரப்பவில்லை என்பதைச் சொல்ல, கும்மிடிப்பூண்டி வரை வர வேண்டும்.

2

1965. எனக்கு இருபத்து நான்கு வயது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விளைகிற ஒரு கிராமம் எங்களுடையது. மெட்ராஸில் மனோதத்துவம் படித்து முடித்த முதல் பெண் எங்கள் தாலுகாவிலேயே நான்தான் என்று அப்பா சொல்லிக்கொள்வார். இரண்டாவது பெண் இன்றுவரை வந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து சர்க்காருக்கு ஒரு யோசனை வந்தது. கிராமப்புறப் பள்ளிகளுக்கு மனோதத்துவ நிபுணர் ஒருவரைச் சோதனை முயற்சியாகப் போட்டுப் பார்ப்பது. அந்தச் சோதனை நான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் என்னைப் போட்டார்கள். தலைமையாசிரியர் கனகசபை என்னுடைய நியமன உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க பைத்தியம் யாரும் இல்லையே" என்றார்.

"பைத்தியத்துக்கு இல்ல சார். பிள்ளைங்க ஏன் படிக்கலன்னு கண்டுபிடிக்கிறதுக்கு."

"அது எனக்கே தெரியும். படிக்கல, அதனால படிப்பு வரல. இதுக்குத் தனியா ஒரு உத்தியோகமா?"

நல்ல மனிதர். தேசப்படங்கள் அடுக்கி வைத்திருந்த அறையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். ஆப்பிரிக்காவை நகர்த்தினால்தான் நாற்காலி போட முடியும். வாசலில் மாட்ட ஒரு பலகையும் எழுதச் சொன்னார். பெயின்டருக்கு இடம் போதவில்லை. 'மனோதத்துவ' என்பதில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'மனோ தத்து நிபுணர்' என்று எழுதிவிட்டான். முதல் மாதம் என்னைத் தேடி வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. பிள்ளை இல்லையாம். ஆண் குழந்தையாகத் தத்து கிடைக்குமா என்று கேட்டார்கள். என் தொழில் வாழ்க்கையில் என்னை நம்பித் தானாக வந்த முதல் ஜோடி அவர்கள்தான்.

ஆசிரியர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். மனோதத்துவமும் மனோவசியமும் ஒன்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் என்னிடம் பேசும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார். தமிழையா ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் வீட்டுக்காரரை ஒருதரம் நான் பார்த்து வைக்க முடியுமா என்று கேட்டார். மற்றபடி தையல் டீச்சர் வராத நாட்களில் தையல் வகுப்பு, மாதம் ஒருமுறை பெண் பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது ஆகியவை என் பொறுப்பில் வந்தன. 'தலைக்குள்ள இருக்கிறதைப் பார்க்கிறவங்க, தலைக்கு மேல இருக்கிறதையும் பார்க்கலாமே' என்பது தலைமையாசிரியர் சொன்ன நியாயம்.

ஆனாலும் நான் அர்ப்பணிப்போடு வேலை செய்தேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடந்த கெடுதல் எல்லாம் அந்த அர்ப்பணிப்பால் வந்ததுதான்.

3

மெட்ராஸ் அலுவலகத்தில் எனக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே மரக்கட்டைகள், படப் புத்தகம், கேள்வித்தாள், ஜெர்மனியில் செய்த ஒரு ஸ்டாப் வாட்ச். கேள்விகள் வெளிநாட்டில் உண்டானவை. ஒரு கமிட்டி உட்கார்ந்து அவற்றை நல்ல தமிழில் மொழிபெயர்த்திருந்தது. அந்தத் தமிழை ஓர் எழுத்துகூட மாற்றாமல் கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது தடவை சொல்லக் கூடாது. நேரம் தாண்டினால் மதிப்பெண் கிடையாது.

ஆறாம் வகுப்பில் எல்லம்மா என்று ஒரு பெண். பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பம். அங்கே ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் என்பதால் ஆறாவதுக்கு இங்கே வந்தாள். தினமும் மூன்று மைல் நடந்து, பிறகு பஸ் பிடித்து வருவாள். அந்தக் குப்பத்திலிருந்து ஆறாவது ஏறிய ஒரே பெண். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்பியிருந்தார்.

என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, பாவாடையில் உப்புப் பூத்த விளிம்பு. நான் வாட்சை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இப்படத்தில் குறைபடுவது யாது?" என்றேன்.

படத்தில் ஒரு பாய்மரப் படகு. அதில் சுக்கான் வரையப்படவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாட்சைப் பார்த்தாள். நேரம் முடியப்போகும்போது "ஆளு இல்ல" என்றாள்.

விடைத்தாளில் 'சுக்கான்' என்று இருந்தது. பூஜ்யம் போட்டேன்.

"மழை பெய்யக்கூடும் எனத் தோன்றின், வெளியே செல்கையில் எதனை உடன் எடுத்துச் செல்வாய்?"

நெடுநேரம் யோசித்தாள். "ஒண்ணும் எடுத்துக்கினு போவமாட்டேன். நனைஞ்சா காஞ்சிடும்."

விடை, குடை. பூஜ்யம்.

மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னபோது சரியாகவே அடுக்கினாள். நேரம் தாண்டி அரை நிமிடம் ஆகியிருந்தது. பூஜ்யம். இப்படி நாற்பத்தைந்து நிமிடம் அவளை உட்கார வைத்து, கூட்டி, பெருக்கி, அட்டவணையில் தேடி ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். அருகில் 'மந்தபுத்தி. சாதாரண வகுப்பில் பயில ஏற்றவர் அல்லர். சிறப்புக் கல்வி தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அப்போது மிக அழகாக இருக்கும்.

பத்து நாள் கழித்து ஆறாம் வகுப்பில் பேன் பார்க்கப் போனபோது எல்லம்மாவைக் காணவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"டி.சி. குடுத்து அனுப்பிட்டேனே" என்றார். "நீங்கதானே எழுதினீங்க?"

"நான் சிறப்புக் கல்வி தேவைன்னு எழுதினேன் சார்."

"அது எங்க இருக்கு?"

எனக்குத் தெரிந்தவரை மெட்ராஸில்கூட அப்படி ஒன்று பெயருக்குத்தான் இருந்தது.

"பாருங்க, உங்களுக்கே தெரியல. இல்லாத எடத்துக்கு எப்படி அனுப்பறது? இங்க இருக்கக் கூடாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அதை மட்டும்தான் நம்மால செய்ய முடிஞ்சது."

அவர் கேலி செய்யவில்லை. ஒரு நிபுணரின் அறிக்கையை மதித்து நடவடிக்கை எடுத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அந்தப் பள்ளியில் என் சொல்லுக்கு மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

4

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் என் இங்கிலீஷும் அந்தக் கமிட்டியின் தமிழ் மாதிரிதான். வந்த புதிதில் ஓர் அறிக்கையில், குழந்தையின் தகப்பனார் போன வருடம் காலமானார் என்பதை, நம் ஊரில் மரியாதையாக எழுதுகிறபடி 'எக்ஸ்பயர்' ஆனார் என்று எழுதிவிட்டேன். குமாஸ்தாப் பெண் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, "எது எக்ஸ்பயர் ஆனது, விசாவா, பாஸ்போர்ட்டா?" என்று கேட்டாள். ஆள்தான் என்றேன். ஆளைப் புதுப்பிக்க அந்த அலுவலகத்தில் படிவம் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். இரண்டு வயதில் நாங்கள் தூக்கிக்கொண்டு வந்த என் மகள் நளினிக்கு இப்போது பன்னிரண்டு. நான் போனில் இங்கிலீஷ் பேசினால் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். "சாப்பிட்டியா?" என்பதற்குப் பதில் வரும். அதைத் தாண்டி ஏதாவது கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனோதத்துவ நிபுணரின் மகள். அவளை நான் இதுவரை சோதித்ததில்லை. தைரியம் வரவில்லை.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குப்பத்துக்குப் போனேன். அறையில் உட்கார முடியவில்லை என்பதுதான் காரணம். பஸ் இறங்கி மூன்று மைல் நடந்தபோது, இதை அந்தப் பெண் தினமும் இரண்டு வேளை நடந்திருக்கிறாள் என்பதற்கு என் சோதனையில் மதிப்பெண் ஏதும் இல்லை என்று தோன்றியது.

எல்லம்மாவின் தகப்பனார் துலுக்காணம் வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நம்பர் போட்ட டீச்சரம்மா நீங்கதானா? உக்காருங்க. நாஷ்டா துன்னீங்களா?"

"ஆச்சுங்க. எல்லம்மா எங்கே?"

"அந்தாண்ட புள்ளைங்களோட வெளையாடிகினு கீது. தை மாசம் பழவேற்காட்ல என் தங்கச்சி ஊட்டாண்ட அனுப்பலாம்னு கீறேன். கருவாடு காயவைக்கிற எடத்துல ஆளு வேணுமாம். படிப்பு ஏறாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துட்சே, இனிமே இன்னா?"

உள்ளே போய் ஒரு தகரக் குழாயை எடுத்து வந்து, அதிலிருந்து டி.சி.யை உருவிக் காட்டினார். சர்க்கார் முத்திரை வைத்து அந்த வீட்டுக்கு வந்த முதல் காகிதம் அது. பத்திரமாக வைத்திருந்தார்.

எல்லம்மாவைப் பார்க்கப் போனேன்.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் எல்லம்மா. அவளுக்கு முன்னால் மணலில் சுள்ளியால் வரைந்த படங்கள். பாய்மரப் படகு, கைப்பிடி இல்லாத கதவு, ஒற்றைக் கண்ணாடி போட்ட கிழவர். என் படப் புத்தகத்தில் இருந்த படங்கள், அதே வரிசையில். அவள் உள்ளங்கையில் ஒரு கிளிஞ்சல். அதை வாட்ச் மாதிரி குனிந்து குனிந்து பார்த்தாள்.

"இப்படத்தில் குறைபடுவது யாது?" என்றாள். என் குரல்தான். 'யாது' என்பதில் நான் இழுக்கும் இழுப்புகூட அப்படியே இருந்தது.

ஒரு பையன் "சுக்கானு" என்றான். எல்லம்மா மணலில் ஒரு சின்னக் கோடு போட்டாள். அடுத்தவளிடம், "மழை பெய்யக்கூடும் எனத் தோன்றின், வெளியே செல்கையில் எதனை உடன் எடுத்துச் செல்வாய்?" என்றாள். அந்தச் சின்னப் பெண் "கொடை" என்று கத்தினாள். அதற்கும் ஒரு கோடு.

நாற்பத்தைந்து நிமிடச் சோதனை முழுவதையும், ஒரே ஒரு தடவை கேட்டதை, ஒரு வார்த்தை பிசகாமல் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னமும் புத்தகத்தைப் பார்த்தால்தான் வரும்.

என்னைப் பார்த்ததும் கிளிஞ்சலைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"விடை எல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உங்க பென்சிலப் பாத்தேன். தப்புன்னா வட்டம் போடுவீங்க. வட்டம் போட்டுட்டு அந்தாண்ட வெச்ச தாளப் பாப்பீங்க. அதுல தலகீழா தெரிஞ்சுது."

"அப்பவே மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் ரெண்டாவது வாட்டி கேக்கலியே." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் டீச்சர், கொடைன்னு சொன்னாத்தான் மார்க்கா? எங்க ஊட்ல கொட இல்லியே" என்றாள்.

திரும்பித் துலுக்காணத்திடம் வந்தேன். பெண் கெட்டிக்காரி, நான் போட்ட எண் தப்பு, மறுபடி பள்ளிக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு மந்தம்னு எழுதினீங்க. இன்னிக்குக் கெட்டிக்காரின்றீங்க. எதுக்குத்தான் கையெழுத்துப் போட்டீங்க டீச்சரம்மா?"

"ரெண்டுக்கும் நான்தான் போடணும். முதல்ல போட்டதை அழிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் அவளைப் பழவேற்காட்டுக்கு அனுப்பாதீங்க."

"தை பொறக்கறதுக்குள்ள வந்தீங்கன்னா பாக்கலாம்" என்றார். அவ்வளவு சொன்னதே பெரிது.

6

போட்ட எண்ணை அழிப்பது எண் போடுவது மாதிரி சுலபம் இல்லை. மெட்ராஸ் அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருமுறை பதிவான எண் இரண்டு வருடத்துக்குச் செல்லும். இடையில் மறுசோதனை செய்ய வேண்டுமானால் வேறொரு நிபுணர் செய்ய வேண்டும். வேறொரு நிபுணர் யாரும் இல்லை. கருவி பழுது என்று நிரூபணமானால் மட்டும் எண் செல்லாது.

"கருவி பழுதா?" என்றார்.

"கேள்விகளே பழுது சார்" என்றேன்.

"கேள்வி கருவி ஆகாது. ஸ்டாப் வாட்ச்தான் கருவி."

நான் யோக்கியமாக வளர்ந்தவள். வாட்ச் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்குக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் என் யோக்கியதை மேல் எனக்கே எரிச்சல் வந்தது. அது யாருக்கு உதவியது என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர்கூடத் தேறவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடப் படியில் வாட்சை நழுவ விட்டேன். ஓடியது. இரண்டாம் தடவை கொஞ்சம் உயரத்திலிருந்து. ஓடியது. ஜெர்மன்காரன் எங்கள் படியை எதிர்பார்த்தே செய்திருக்கிறான். கடைசியில் நான் குடியிருந்த வீட்டு அம்மிக்கல்லில் வைத்து, குழவியால் ஒரு தட்டுத் தட்டினேன். நின்றது. 'சில வாரங்களாகவே கருவி தவறாக ஓடிவந்திருக்கக்கூடும் என ஐயுறுகிறேன்' என்று எழுதி அனுப்பினேன். நான் அறிந்து எழுதிய பொய் அறிக்கை அது ஒன்றுதான். என் அறிக்கைகளிலேயே ஒருவருக்குப் பயன்பட்ட முதல் அறிக்கையும் அதுதான்.

சர்க்கார் பொருளைச் சேதப்படுத்தியதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. கூடவே, அந்தப் பருவத்தில் நான் சோதித்த முப்பத்தோரு பேரின் எண்களும் செல்லாது என்று உத்தரவும் வந்தது. தலைமையாசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ முப்பத்தோரு பேரும் ஒரே நாள்ல புத்திசாலி ஆயிட்டாங்களா?"

"ஆமா சார்."

"ஒரு வாட்ச் நின்னதுலயா?"

"ஆமா சார்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு மனோதத்துவம் என்னைவிட நன்றாகத் தெரியும் என்று அப்போது தோன்றியது. "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. அவ பெஞ்சு காலியாத்தான் கெடக்கு" என்றார்.

மார்கழி கடைசியில் எல்லம்மா திரும்பி வந்தாள். நான்கு வருடம் கழித்து நான் கணவரோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். சோதனை முயற்சி என்னோடு முடிந்தது. என் இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. ஆப்பிரிக்கா பழைய இடத்துக்குப் போயிருக்கும்.

7

இந்தக் கதையை இங்கே நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் கூட்டங்களில், விருந்துகளில். அம்மிக்கல் வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றியவள். 1976 வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஊருக்குப் போனபோது, ஒன்பது வயது நளினியைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். பெட்டி நிறைய வேலைக்குப் போகிறவர்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்து கல் நட்டிருக்கிறார்கள், ஒன்றிரண்டு ஆலைகள் ஓட ஆரம்பித்துவிட்டன என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எதிர் சீட்டில் டிபன் டப்பாவை மடியில் வைத்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்தாள்.

"கோமளவல்லி டீச்சர்தானே?"

எல்லம்மா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டாள். கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு மருந்து கம்பெனியில் சரக்கு வந்து போவதை எழுதும் வேலை. கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் என் பங்கு எவ்வளவு என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் நளினியைப் பார்த்துக் குனிந்தாள். "பேரு இன்னா பாப்பா?"

நளினி விழித்தாள்.

"எத்தினாவது படிக்கிற?"

நளினி என் பக்கம் ஒண்டிக்கொண்டாள்.

எல்லம்மா நிமிர்ந்தாள். "கொழந்த இன்னா டீச்சர், மந்தமா?" என்றாள்.

தெரியாமல் கேட்டாளா, தெரிந்தேதான் கேட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தைப் படிப்பதுதான் என் தொழில். ஒன்றும் படிக்க முடியவில்லை.

"மந்தமெல்லாம் இல்ல" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "நல்லாப் படிப்பா. அவளுக்கு நீ பேசற தமிழ் பழக்கமில்ல, அவ்வளவுதான்."

"அதேதான் டீச்சர். நீங்க அன்னிக்குப் பேசின தமிழும் எனக்குப் பழக்கமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டேஷன் எது வருகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன்.

"அட, நீங்கதான் திரும்ப இட்டாந்து சேத்தீங்களே. அத மறப்பனா? ஆனா பேருதான் போவல."

"என்ன பேரு?"

"ஆறாவதுல வெச்சாங்க. அம்பத்தெட்டு. ஸ்கூல் முடியிற வரைக்கும் அதான். அப்பால குப்பத்துல புடிச்சுகினாங்க. எங்க ஊட்டுக்காரரும் அப்டித்தான் கூப்புடுவாரு. இப்போ கம்பெனிலகூட. எல்லம்மான்னு கேட்டீங்கன்னா யாரும் காட்டமாட்டாங்க." சிரித்தாள். "பேஜாராத்தான் இருந்துச்சு மொதல்ல. இப்போ பழகிட்சு. வரேன் டீச்சர்."

இறங்கிப் போனாள். பிளாட்பாரத்தில் யாரோ அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள்.

நளினி என் முழங்கையை இழுத்து, அந்த அக்கா என்ன சொன்னாள் என்று இங்கிலீஷில் கேட்டாள். மனோதத்துவ நிபுணர் அதை மொழிபெயர்க்கவில்லை.

8

இனி திங்கட்கிழமை. மிஸ்டர் டாட் படிவத்தைக் கேட்டார். கட்டம் காலியாகவே இருந்தது. எண் வேண்டுமானால் நீங்களே ஒருமுறை பல்ஜீத்தின் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். பத்து வருடத்தில் அவரிடம் நான் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் திகைத்துப்போய் ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனோம். பல்ஜீத்தின் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் பஞ்சாபி தெரியாது. அந்த ஒன்பது வயதுப் பெண், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று எழுதப்பட்டவள், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அம்மா சொன்னதை எங்களுக்குச் சொன்னாள். மிஸ்டர் டாட் சுற்றி வளைத்து முழ நீளத்துக்குக் கேட்டதை அம்மாவுக்கு நாலு வார்த்தையில் சொன்னாள். தனிப்பள்ளியைப் பற்றி அவர் பேச்செடுத்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா பெரிதாகச் சிரித்து, அவருக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் மூன்று டம்ளர் குடித்தார்.

திரும்பும்போது அவர்தான் கார் ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றோம்.

"மிஸஸ் வேலி, தனிப்பள்ளி பற்றி நான் சொன்னதை அந்தப் பெண் அம்மாவிடம் சரியாகத்தான் சொன்னாளா?"

"எனக்குப் பஞ்சாபி தெரியாதே" என்றேன்.

"எனக்கும் தெரியாது." ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் அந்த வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். நடந்தது முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்த வண்டிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் அவர் காரை எடுத்தார்.